பட்டினி கிடக்க வேண்டியவனுக்கு ஒரு வாய்ப் பொங்கல்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உள்ளே யாரோ பெரியவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள். சோபாவுக்குப் பின்னால் டைல்ஸ் தரையில் வயிறு ஒட்டக் கிடந்து குறட்டை விடுவது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பக் நாய் என்று சொன்னால், எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். தட்டையான கறுத்த முகம், பிதுங்கிய கண்கள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பேனா முனையால் கீறியதுபோல இரண்டு கோடுகள். அந்தக் கோடுகள் வழியாகத்தான் அவன் மூச்சு முழுவதும் போய் வந்தாக வேண்டும்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் இந்த வாடகை வீட்டுக்கு என் கணவர் குடிவந்தபோதே அவனும் கூட வந்துவிட்டான். நான் வந்தது இரண்டு வருடம் கழித்து, கல்யாணமாகி. மகள் பிறந்தது அதற்கும் பிறகு. அப்படிப் பார்த்தால் வீட்டில் மூத்தவன் அவன்தான் என்பார் கணவர். வேடிக்கையாகத்தான் சொல்வார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அவருக்கு சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கோஸ்வே எல்லைப் பாலத்து நெரிசலில் போய், அதே நெரிசலில் திரும்பி வருவார். வந்ததும் ஹெல்மெட்டை வாசல் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு அப்படியே வாசலில் குந்திக்கொள்வார். நாயின் விலாவில் காதை வைத்துக் கேட்பார். இன்றைக்கு இழுப்பு அதிகமா, சத்தம் தொண்டையிலிருந்து வருகிறதா, மூக்கிலிருந்து வருகிறதா என்றெல்லாம் அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பேன். பகல் முழுக்க இரண்டு வயதுக் குழந்தையோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த எனக்கு, பெரியவர் ஒருவரிடம் சொல்ல எத்தனையோ இருக்கும். அவர் எழுந்து உள்ளே வருவதற்குள் அதில் பாதி சொல்லத் தோன்றாமல் போய்விடும்.

மகளும் அவன் கட்சிதான். அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே குறட்டை வந்தது. பத்து மாதத்தில் மூக்கைச் சுருக்கி, தொண்டையில் காற்றை இழுத்து, 'க்ர்ர்' என்பாள். நான் பயந்து போனேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இல்லை மூச்சுக்குழலில் ஏதோ அடைப்பு என்று கைத்தொலைபேசியில் படித்துப் படித்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல், அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, வீட்டில் நாய் இருக்கிறதா, என்ன நாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்கள் மகள் அதனிடம் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றார். நான் கல்யாணத்துக்கு முன் பாலர் பள்ளியில் ஆசிரியை. நாற்பது பிள்ளைகளுக்கு 'அம்மா' என்று எழுதக் கற்றுக் கொடுத்தவள். என் மகள் என்னைப் பார்த்து அம்மா சொன்னது அதற்கு மூன்று மாதம் கழித்து.

இதையெல்லாம் பொறாமை என்று நான் அப்போது சொல்லவில்லை. களைப்பு என்று சொன்னேன்.

போன வருடம் ஒரு மாலை, தேங்காய்ப்பால் வாங்க மகளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து மூலைக் கடைக்குப் போனேன். நாயும் கேட்டருகே நின்று வாலை ஆட்டியது. வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்து அவனையும் கூட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு முன்னால், அவன் கால்களை அகட்டிக்கொண்டு நின்றான். பிறகு நிற்க முடியாமல் சரிந்தான். நாக்கு கத்திரிப்பூ நிறத்தில் தொங்கியது. சத்தம் நின்றுவிட்டது. அதுதான் என்னை உலுக்கியது, அந்தச் சத்தம் இல்லாதது. மகளை இடுப்பில் ஏற்றி, அவனைத் தள்ளுவண்டியில் போட்டு ஓடினேன். ஈரத் துண்டு, காற்றாடி, மடியில் போட்டு விசிறல். கால் மணி நேரத்தில் அந்தப் பழைய குறட்டை திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"எத்தன மணிக்கு வெளிய கூட்டிட்டுப் போன?"

"அஞ்சு மணிக்கு."

உண்மையில் நாலரை மணி. அந்த அரை மணி நேரத்தை ஏன் ஒளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓடினதைக் கேட்பார், பயந்ததைக் கேட்பார் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரு விசாரணை வந்தால், வாய் தானாகப் பொய் சொல்லிவிடுகிறது.

அதன் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். நடுவயதுச் சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து, அவசரமில்லாமல் விளக்கினார். தட்டை முக நாய்களுக்கு மண்டை ஓடுதான் சுருங்கியிருக்கிறதே தவிர, உள்ளே உள்ள சதை சுருங்கவில்லை. மூக்குத் துளை ஒடுங்கியிருக்கிறது. மேல்வாயின் பின்பக்கச் சதை நீண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் போய் அடைக்கிறது. நீங்கள் செல்லமாக நினைக்கும் குறட்டை, அது மூச்சுக்குப் போராடும் சத்தம் என்றார். மூக்குத் துளையை வெட்டி அகலப்படுத்தலாம், அந்தச் சதையைக் குறைக்கலாம், இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்துவிடலாம். பிறகு கணவரைத் தன் மூக்கைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். அவர் விட்டார். ஐந்தாறு மூச்சில் அவர் கண் கலங்கிவிட்டது. மூச்சு முட்டியதால் இல்லை. எனக்குத் தெரியும். அவர்கள் தேதி குறித்துக்கொண்டிருந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பி என் மூக்கையும் பிடித்துப் பார்த்தேன். அவனுக்காக வருத்தப்பட்டேன். கூடவே, என் எந்த வலியையாவது இவர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறாரா என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

நாயின் ஆபரேஷனுக்காக அவர் ஒரு வாரம் லீவு போட்டார். மகளை என் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். அப்போது லீவு மிச்சம் இல்லை, புது சூப்பர்வைசர், எல்லாம் உண்மைதான். யாரிடமும் நான் குறை சொன்னதில்லை. அந்த ஒரு வாரம் என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும், ஆறிப்போன தையல் இழுத்தது.

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு எந்த உணவும் கூடாது. இந்த வகை நாய்கள் எளிதில் வாந்தி எடுக்கும். மயக்கத்தில் எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அந்தத் தாளை ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியது நான்தான். 'எந்த உணவும்' என்பதன் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டேன். முந்தைய மாலை மகள் சிந்திய பிஸ்கட் தூளை, சோபாவை நகர்த்திக் கூட்டினேன். கடமையில் நான் குறை வைப்பதில்லை. பாராட்டு வராத வேலைகளை இன்னும் கவனமாகச் செய்வது என் பழக்கம்.

ஆபரேஷன் நாள் வெள்ளிக்கிழமை. யோங் பெங்கில் இருக்கும் மாமியார் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார். "வாயில்லா ஜீவன், கத்தி வக்கப் போறாங்க. அது பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிடு, மா." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சீட்டு வாங்கும்போதுதான் நட்சத்திரம் வேண்டுமே என்று தோன்றியது. கணவருக்குச் செய்தி அனுப்பினேன். நொடியில் பதில் வந்தது: சதயம், கும்ப ராசி. தடுப்பூசி அட்டையில் இருந்த பிறந்த தேதியை வைத்து எப்போதோ பார்த்து வைத்திருக்கிறார். பிறந்த நேரம் தெரியாததால் அவிட்டமாகவும் இருக்கலாமாம், ஆனால் குணத்தைப் பார்த்தால் சதயம்தானாம். மகளுக்குப் பேர் வைத்த அன்று, அத்தனை பேர் நடுவில், 'உனக்கு என்ன நட்சத்திரம்?' என்று இரண்டு தடவை என்னைக் கேட்டவர் இவர்.

குருக்களிடம் நாயின் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கணவர் பெயரைச் சொல்லி, நாயின் நட்சத்திரத்தைச் சொன்னேன். அவர் மந்திரத்தோடு சேர்த்து முழங்கினார். மகள் கைகூப்பி 'க்ர்ர்' என்றாள்.

பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், சூடாக, நெய் கசிய. வீட்டுக்கு வந்தபோது கணவர் குளித்துக்கொண்டிருந்தார். நாய் முந்தைய இரவிலிருந்து பட்டினி. என் கையையே பார்த்தது. யார் பேரில் அர்ச்சனையோ அவருக்குத்தான் முதல் வாய் என்பது என் தாய் வீட்டில் சிறு வயது முதல் பழக்கம். பரீட்சைக்குப் போகும்போதும், பிரசவத்துக்குப் போகும்போதும் அப்படித்தான் என் வாயில் ஊட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்து, பொங்கலில் இருந்த திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். திராட்சை நாய்க்கு ஆகாது என்று கணவர் சொல்லியிருக்கிறார். அதை நான் மறக்கவில்லை. முந்திரியையும் எடுத்தேன். நெல்லிக்காய் அளவு உருட்டி அவன் வாயில் வைத்தேன். ஒரே விழுங்கல். இன்னொன்று வைத்தேன். என் விரல்களை நக்கினான். கை கழுவ எழுந்தேன். ஐஸ்பெட்டியில் சிவப்புக் கோடு என்னைப் பார்த்தது.

அந்த நேரத்தில் அவர் குளியலறைக் கதவைத் திறந்திருந்தால் சொல்லியிருப்பேன். திறக்கவில்லை. இரண்டு நெல்லிக்காய் அளவுதானே என்று நினைத்தேன். சாமி பிரசாதம், என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். நாலரை மணியை ஐந்தாக்கியது நினைவுக்கு வந்தது. இப்போது இதையும் சொன்னால், அவனை இரண்டு தடவை கொல்லப் பார்த்தவள் நான். ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்தேன். மடிப்புகளுக்குள்ளும் துடைத்தேன்.

காரில் நானும் மகளும் பின்னால். அவன் முன் இருக்கையில், துண்டின் மேல். கணவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை அவன் முதுகிலிருந்து எடுக்கவே இல்லை. சிவப்பு விளக்கில் குனிந்து சொன்னார்.

"பயப்படாதடா. அப்பா வெளியதான் இருப்பேன். எங்கயும் போக மாட்டேன்."

பிரசவத்தின்போது என்னை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது அவர் காகிதங்களில் கையெழுத்துப் போட ஓடிக்கொண்டிருந்தார். போகும்போது கண்ணால் தேடினேன், இல்லை. அவர் அன்று ஓடியது எனக்காகத்தான். ஆனால் இந்தச் சொற்கள் அவரிடம் இருந்திருக்கின்றன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த இரண்டு விளக்குகள் வரை நான் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை எத்தனையோ முறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் இருந்தேன். எப்போதும் நான் மட்டுமே கவலைப்படுகிற வீட்டில் இன்னொருவரும் கொஞ்சம் நடுங்கட்டும் என்று நினைத்தேன்.

கிளினிக்கில் நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். படிவத்தை வைத்துக்கொண்டு கணவரிடம் கேட்டாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டான் அண்ணே?"

"நேத்து ஏழரை. அதுக்கப்புறம் ஒரு பருக்கை கூட இல்ல." பிறகு என் பக்கம் தலையை ஆட்டினார். "இவங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிட்டாங்க. சோபாவ நவுத்தி பிஸ்கட் தூள்லாம் கூட்டுனாங்க. இவங்க பாத்துக்கிட்டா தப்பே வராது லா."

அவர் அதைக் கவனித்திருக்கிறார். சோபாவை நகர்த்தியதைப் பார்த்திருக்கிறார். மூன்று வருடமாக நான் எதற்காகக் கரண்டியோடு காத்து நின்றேனோ, அது அந்த மருந்து நாற்றமடிக்கும் மேசைக்கு முன்னால், ஒரு புது ஆளிடம், வந்தது. அதை இப்போது என் வாயாலேயே கெடுக்க வேண்டும்.

நர்ஸ் நாயை வாங்கிக்கொண்டாள். அவன் மூச்சு பதற்றத்தில் ரம்பம் போல இழுத்தது. என் இடுப்பிலிருந்த மகள் அவனைப் பார்த்துத் திருப்பி 'க்ர்ர்' என்றாள். நான்கு வீட்டுக்கு முன்னால், தெருவில், அந்தச் சத்தம் நின்றுபோன நொடி எனக்கு நினைவு வந்தது.

"தங்கச்சி, இருங்க," என்றேன். "அவன் சாப்பிட்டான். காலையில நான்தான் பொங்கல் குடுத்தேன்."

கணவர் திரும்பினார்.

"என்ன பொங்கல்?"

"கோயில் பொங்கல். எட்டு மணி இருக்கும். ரெண்டு வாய். திராட்சைய எடுத்துட்டேன்."

நர்ஸ் உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் எவ்வளவு, எப்போது, நெய் இருந்ததா என்று கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. சொன்னது நல்லதாய்ப் போயிற்று, இவன் தொண்டையில் தவறுக்கு இடமே கிடையாது என்றார். காலையில் வேறு வேலைகளைப் பார்த்துவிட்டு, இவனைக் கடைசியாக, மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எதிரில் ஒரு மாமாக் கடை, இந்திய முஸ்லிம் உணவகம். மூவரும் போய் உட்கார்ந்தோம். அவர் தே தாரேக் டீ சொன்னார், மகளுக்கு ரொட்டிச் சானாய். நான் ரொட்டியைச் சிறு துண்டுகளாகக் கிழித்தேன், தேவைக்கு மேலே கிழித்தேன். பிறகு அவர் கேட்டார்.

"ஏன் குடுத்த?"

"அர்ச்சனை அவனுக்குத்தானே பண்ணேன். கை பழக்கம்."

"குருக்கள்கிட்ட அவன் பேரையா சொன்ன?"

"இல்ல. உங்க பேர். அவன் நட்சத்திரம்."

அவர் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்ததைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டார். "அப்ப பொங்கல் எனக்குத்தான் வந்திருக்கணும்," என்றார்.

ஒன்றைச் சொன்னதும் மற்றது தானாக வந்துவிட்டது. அன்று ஐந்து மணி இல்லை, நாலரை என்றேன். அவர் கோப்பையை மேசையில் திருப்பிக்கொண்டிருந்தார். என்னால் நிறுத்த முடியவில்லை.

"எனக்குப் பொறாமையா இருக்கு," என்றேன்.

"யார் மேல?"

"அவன் மேல."

இதற்கு அவர் சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். சிரிக்கவில்லை. மகளின் வாயைத் துடைத்தார். தேநீரில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார்.

"அவன் கஷ்டம் எனக்குக் கேக்குது," என்றார். "கேட்டுக்குள்ள வரும்போதே கேக்குது. நீ ஒண்ணும் சொல்றதே இல்லயே."

நான் சொல்வதற்குத்தான் நிற்கிறேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அவர் சொன்னதும் பாதி உண்மை என்பதால். எல்லோரிடமும் 'பரவால்ல, பரவால்ல' என்று சொல்லிப் பழகியவள் நான். தையல் போட்ட வயிற்றோடும் அதையே சொன்னவள். மீதிப் பாதி எனக்கு இன்னும் கோபம்தான். சொன்னால்தானா கேட்கும்?

நாலு மணிக்கு மேல் அவனை உள்ளே கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது; அவ்வளவு நேரமும் நான் இதுவரை எந்த நாய்க்கும் வேண்டாத அளவு வேண்டிக்கொண்டேன். பாதி அவனுக்காக, பாதி எனக்காக. அவனுக்கு ஏதாவது ஆனால் அந்த இரண்டு நெல்லிக்காய் அளவு வாழ்நாள் முழுக்க எங்களுக்கு நடுவில் இருக்கும். கதவு திறந்து டாக்டர் வந்தபோது கணவர் எழவில்லை. நான்தான் எழுந்து போனேன். எல்லாம் சரி என்றார். சிறு புட்டியில் வெட்டி எடுத்த சதையைக் காட்டினார். என் சுண்டுவிரல் முனை அளவு. இதற்குத்தானா இத்தனை வருடக் குறட்டை.

மறுநாள் வீட்டுக்கு அழைத்து வரும்போது மீண்டும் ஒரு தாள் கொடுத்தார்கள். இத்தனை நாளைக்கு மென்மையான உணவு, கழுத்துப் பட்டை கூடாது, வெயில் கூடாது. கணவர் வாங்கிப் படிக்காமலே என்னிடம் நீட்டினார். "நீயே ஒட்டு," என்றார். ஒட்டினேன். அடியில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், ஒரு வரி சேர்த்தேன்: பிரசாதமும் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் விருந்தினர் குரலைத் தாழ்த்துவதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறான். மூக்குத் துளைகள் இரண்டு மிளகு போலத் திறந்திருக்கின்றன. மகள் மட்டும் பழைய மொழியை விடவில்லை. அவள் 'க்ர்ர்' என்றால் அவன் தலையைச் சாய்த்து, யாரோ தெரிந்தவர் குரல் போல இருக்கிறதே என்று பார்க்கிறான்.

கணவர் இன்னும் வந்ததும் வாசலில்தான் குந்துகிறார். முன்பு தூரத்திலிருந்தே கேட்ட மூச்சு இப்போது கேட்பதில்லை என்பதால் காதை விலாவில் இன்னும் அழுத்தி நெடுநேரம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் அங்கே செலவழிக்கும் நேரம் கூடித்தான் போயிருக்கிறது. ஆபரேஷனால் நான் கண்ட பலன் இது. ஆனால் எழுந்ததும் நேராகச் சமையலறைக்கு வருகிறார். சட்டையில் நாய் மயிரோடு வந்து நின்று, "இன்னைக்கு என்ன?" என்று கேட்கிறார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. சில நாள் சொல்கிறேன். சில நாள் 'பரவால்ல' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுப்பைத் தணிக்கிறேன். அவர் போகாமல் நிற்கிறாரா என்று, திரும்பிப் பார்க்காமலே, காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.